சாரலும் பள்ளிக்கூட மணியும்

தென்மேற்குப் பருவக் காற்றும் தமிழ்நாட்டுக் கல்வி இலாகாவும் உபாத்தியாயர்களுக்கு விரோதமாக ஏதோ இரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டிருக்க வேண்டும் என்பது வெகு நாளாக எனக்குள்ள சந்தேகம். மே மாதத்தில் பள்ளிக்கூடங்களைச் சாத்துகிறார்கள். அப்போது குற்றாலத்துக்குப் போய்ப் பாருங்கள். கோடை மழை எப்போதாவது கண் திறந்தாலொழிய, பேரருவிப் பாறை வெயிலிலே காய்ந்து கிடக்கும். குரங்குகள் மட்டும் அதன்மேல் உட்கார்ந்து, "இன்னும் நாளாகும், போய் வாருங்கள்" என்று சொல்வதுபோல நம்மைப் பார்க்கும். ஜூன் பிறக்கிறது, பள்ளிக்கூட மணி அடிக்கிறது. அதே வாரத்திலோ அடுத்த வாரத்திலோ ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் புறப்பட்டு வந்துவிடுகிறது. சாரல் தூறுகிறது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி எல்லாம் உயிர் பெற்று எழுகின்றன. ஜூனிலிருந்து செப்டம்பர் வரையில் சீஸன். அந்த நான்கு மாதமும் நம் உபாத்தியாயர் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார்.

"மழைக்காக விடுமுறை விடுகிறார்களே!" என்று நேயர்கள் கேட்கலாம். விடுகிறார்கள், உண்மைதான். ஆனால் பள்ளிக்கு விடுமுறை விடும் அளவுக்கு மழை பெய்கிற நாளில் அருவியிலே வெள்ளம் வந்து, போலீஸார் விசில் ஊதிக் குளிக்கக் கூடாதென்று தடுத்துவிடுவார்கள். ஆகவே தென்காசி உபாத்தியாயருக்கு அருவி திறந்திருந்தால் பள்ளிக்கூடமும் திறந்திருக்கிறது. பள்ளிக்கூடம் மூடியிருந்தால் அருவியும் மூடியிருக்கிறது. எஞ்சியிருப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கோ மதுரையும் சென்னையும் திருவனந்தபுரமும் சேர்ந்து குற்றாலத்துக்கு வந்து இறங்கிவிடுகின்றன. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் மூன்று மைல்தான் தூரம். அந்த மூன்று மைலைக் கடந்து ஒரு முழுக்குப் போட்டு எத்தனையோ வருஷமாயிற்று என்று சொல்லும் தென்காசி வாத்தியார்களை நான் அறிவேன்.

நம் பெரியவர்கள் 'சிரமபரிகாரம்' என்று ஓர் அருமையான வார்த்தையை வைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர் கால் கை கழுவி, ஒரு வாய் சாப்பிட்டு, திண்ணையிலே சற்றுத் தலையைச் சாய்த்தால் சிரமம் தீர்ந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. குற்றால ஸ்நானத்தின் பெருமையும் அதுதான். உடம்பு எவ்வளவு களைத்திருந்தாலும் அருவி அரை மணி நேரத்தில் அடித்து விரட்டிவிடும். பிறகு பசி எடுக்கும், பசிக்குப் பிறகு தூக்கம் வரும், தூங்கி எழுந்தால் புது மனுஷன். ஆனால் இன்னொரு விதமான களைப்பு இருக்கிறது. அதை ஐந்தருவியிலே ஐந்து நாள் நின்றாலும் கழுவ முடியாது. இந்த வாரம் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

2025-ஆம் வருஷம் காலாண்டுப் பரீட்சை விடுமுறையில், சாரல் ஓய்கிற சமயம், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ்ஸில் ஒரு நடுநிலைப் பள்ளி உபாத்தியாயரின் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. வயது ஐம்பத்தொன்று இருக்கும். குளிக்கப் போகிறவரின் அடையாளமாகத் தோளிலே துண்டு இருந்தது. மடியிலே தடித்த வழிகாட்டிப் புத்தகம் ஒன்றும் இருந்தது. அருவிக்குப் போகிறவர் எண்ணெய்ச் சீசா கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். புத்தகம் கொண்டுபோவதை அன்றுதான் பார்த்தேன்.

"என்ன ஸார், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிஞ்சுதே, இன்னுமா புத்தகம்?" என்று கேட்டேன்.

"பிள்ளைகளுக்கு முடிஞ்சுது அண்ணாச்சி. எனக்கு இனிமேத்தான்" என்றார்.

விஷயம் என்னவென்றால், அந்த வருஷம் செப்டம்பர் முதல் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஒன்று முதல் எட்டு வகுப்பு வரையில் பாடம் சொல்லும் உபாத்தியாயர்களில், ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் எல்லாரும், எந்தக் காலத்தில் வேலைக்கு வந்தவர்களானாலும் சரி, இரண்டு வருஷத்துக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இல்லாவிட்டால் வேலையில் நீடிக்க முடியாது. ஐந்து வருஷத்துக்குக் குறைவாக உள்ளவர்கள் தேர்வில்லாமலே இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் உத்தியோக உயர்வு கிடையாது. அந்தத் தேர்வு கட்டாயமென்று தேசிய ஆசிரியர் கல்விக் குழு அறிவித்ததே 2010-ஆம் வருஷம் ஆகஸ்டில்தான். நம் பஸ் நண்பர் வேலைக்கு வந்தது அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால்.

"இருபத்தேழு வருஷமா நான் பரீட்சை வச்சேன். இப்ப எனக்கு வைக்காங்க. அதிலே தப்பில்லை. வீட்டிலே மேஜை ஒண்ணுதான் இருக்கு. மக பிளஸ் டூ, நீட்டுக்குப் படிக்கா. ஒரு பக்கம் அவ, ஒரு பக்கம் நான். ராத்திரி பதினோரு மணிக்கு அவதான் என்னைக் கேள்வி கேப்பா. 'ஒங்களுக்கென்னப்பா, தப்பா எழுதினா மார்க்கைப் பிடிக்க மாட்டாங்க. எனக்குத்தான் ஒரு தப்புக்கு ஒரு மார்க் போகும்'னு சொல்லுதா. அவளைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு. என்னைப் பாத்தா அவளுக்குப் பாவமா இருக்கும் போல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, யாரிடமும் சொல்லாததைச் சொல்பவர்போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒடம்புக்கு ஒரு நோவும் இல்லை அண்ணாச்சி. ஆனா முந்தியெல்லாம் வகுப்பிலே ஒரு பய எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டான்னா அன்னைக்குப் பூரா சந்தோஷமா இருக்கும். இப்ப அவன் கையைத் தூக்கினாலே, 'இவன் எதுக்குக் கேக்கான்'னு தோணுது. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

இந்தப் பயம் வீண் பயமல்ல. ஐம்பது வருஷத்துக்கு முன்பே நியூயார்க் நகரத்தில் ஒருவர் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஹெர்பெர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்னும் மனோதத்துவ நிபுணர், பகலெல்லாம் தம் சொந்தத் தொழிலைப் பார்த்துவிட்டு, இரவு நேரத்தில் ஏழைகளுக்கான இலவச வைத்திய சாலை ஒன்றில் ஊழியம் செய்து வந்தார். அங்கே ஆசையோடும் இலட்சியத்தோடும் வந்து சேர்ந்த தொண்டர்கள் சிறிது காலத்தில் களைத்து, சிடுசிடுத்து, தாங்கள் யாருக்குத் தொண்டு செய்ய வந்தார்களோ அவர்களையே வெறுக்கத் தொடங்குவதைக் கண்டார். தமக்கும் அப்படியே நேர்வதைக் கவனித்தார். 1974-ல் அதைப் பற்றி எழுதினார். 'பர்ன்-அவுட்' என்னும் பெயர் அதிலிருந்து பரவிற்று. எரிந்து தீர்ந்து போதல் என்று அர்த்தம். சோம்பேறிகளுக்கு இது வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருபோதும் பற்றாத விறகு எரிந்து தீர்வது எப்படி?

அவருக்குப் பின் கலிபோர்னியாவில் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் பெண்மணி இதை அளந்து பார்க்க ஒரு முறை வகுத்தார். 1981-ல் அது வெளியாயிற்று. அவர் கண்ட அடையாளங்கள் மூன்று. முதலாவது, உள்ளே ஒன்றுமே மிச்சமில்லாதது போன்ற அயர்வு. இரண்டாவது, நம்மிடம் வருகிற மனிதர்களைப் பற்றி மனம் மரத்துப் போவது. மாணவன் பெயர் மறைந்து, வெறும் வரிசை எண்ணாகத் தோன்றுவது. மூன்றாவது, 'இத்தனை நாள் செய்து என்ன கண்டோம்' என்கிற எண்ணம். நம் பஸ் நண்பர் மாஸ்லாக் அம்மையின் பெயரைக் கேட்டிருப்பாரென்று நான் நினைக்கவில்லை. ஆயினும் மூன்றில் இரண்டாவதை எவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட்டார், பாருங்கள்!

இதைத் தமிழிலே எப்படிச் சொல்வது? 'மனச்சோர்வு' என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அது வேறொரு நோய்க்கு உரிய பெயர். இரண்டையும் குழப்புவது நல்லதல்ல. 'பணிச்சோர்வு' என்கிறார்கள் சிலர், பாதகமில்லை. ஆனால் விளக்கேற்றும் நம் வீட்டுப் பெண்மணிகளைக் கேட்டால் இதைவிட நன்றாகச் சொல்வார்கள். எண்ணெய் உள்ளவரையில் திரி எரிவதில்லை, எண்ணெய்தான் எரிகிறது. எண்ணெய் வற்றிய பிறகும் விளக்கு எரிந்தால் எரிவது திரி. 'திரி கருகிப் போச்சு' என்பார்கள். எனக்கு அதுவே சரியான வார்த்தையாகப் படுகிறது. கருகின திரியைத் தண்ணீரிலே நனைப்பதால் என்ன பயன்?

உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் இதை ஆராய்ந்து, இது ஒரு வியாதி அல்ல, தொழில் காரணமாக நேர்கிற ஒரு நிலை என்று தன் பட்டியலில் எழுதி வைத்தது. வேலை செய்யும் இடத்தில் ஓயாமல் இருந்து வரும் நெருக்கடியைச் சரிவரக் கவனிக்காமல் விட்டதன் விளைவு என்பது அதன் விளக்கம். இந்த ஒரு வாக்கியத்தில் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. வியாதியானால் வியாதிக்காரனுக்கு மருந்து கொடுக்கலாம். தொழிலால் வந்ததென்றால் தொழிலின் ஏற்பாட்டையல்லவா மாற்ற வேண்டும்? நாம் செய்வதென்ன? உபாத்தியாயர்கள் களைத்துப் போனார்கள் என்று தெரிந்தால், சனிக்கிழமையன்று அவர்களை ஒரு மண்டபத்தில் கூட்டி வைத்து, 'மன அழுத்தத்தைப் போக்குவது எப்படி?' என்று மூன்று மணி நேரம் பிரசங்கம் செய்கிறோம். வந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். கையெழுத்து வாங்குவதற்கு ஒரு ரிஜிஸ்தர். அந்த ரிஜிஸ்தரைப் படம் எடுத்து அனுப்புவதற்கு இன்னோர் உபாத்தியாயர்.

ஏற்பாட்டைச் சற்றுப் பார்ப்போம். 2010 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் முப்பது குழந்தைக்கு ஓர் உபாத்தியாயர் என்று சொல்கிறது. கேட்க நன்றாயிருக்கிறது. அதே சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது குழந்தை வரையில் இரண்டு உபாத்தியாயர்கள் போதும். வகுப்புகளோ ஐந்து. இரண்டு பேர் ஐந்து வகுப்பை எப்படி எடுப்பது என்று கணக்குப் புஸ்தகத்தில் கேட்டால் பின்னத்தில் விடை வரும். பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர்தான் பின்னமாகப் போகிறார். முதல் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டிவிட்டு, மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்து, ஐந்தாம் வகுப்பிலே எழுந்த சண்டையைத் தீர்த்து வைத்துத் திரும்பினால், முதல் வகுப்புக் குழந்தை 'அ'வை அழித்துவிட்டு யானை போட்டு வைத்திருக்கும். இரண்டு பேரில் ஒருவர் தலைமையாசிரியர். கூட்டத்துக்கு வாருங்கள் என்று அவரை வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டால், மிச்சமிருக்கும் ஒருவரே ஐந்து வகுப்புக்கும் தாயும் தந்தையும் ஆகிறார்.

இதற்குமேல் வேறு வேலைகள். காலைச் சிற்றுண்டி வந்ததா, மத்தியானச் சோறு வெந்ததா, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை பேருக்குச் செருப்பும் பையும் வந்தன, எவ்வளவு குறைந்தன—எல்லாம் எழுத வேண்டும். எழுதினதைக் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். மலையடிவாரத்துக் கிராமங்களில் கைப்பேசிக்கு உயிர் வருவதற்குள் முதல் பீரியட் போய்விடும். சிற்றுண்டி போடுவதை நான் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். பசித்த குழந்தைக்கு இட்ட சோற்றைவிடப் பெரிய பாடம் கிடையாது. அதன் கணக்கைப் பாடம் சொல்கிறவர்தான் எழுத வேண்டுமா என்பதே கேள்வி.

அதே சட்டத்தின் இருபத்தேழாம் பிரிவு, உபாத்தியாயர்களைக் கல்விக்குப் புறம்பான வேலைக்கு அனுப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறது. உடனே கருணை கூர்ந்து மூன்று விலக்குகளும் கொடுக்கிறது: பத்து வருஷத்துக்கொரு முறை வரும் ஜனக் கணக்கு, ஆபத்து நிவாரணம், தேர்தல். 2025 நவம்பர் 4-ந் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் ஆரம்பமாயிற்று. வீடு வீடாகப் படிவம் கொண்டுபோன ஊழியர்களில் உபாத்தியாயர்களும் பலர். 2011-க்குப் பின் நடக்காதிருந்த ஜனக் கணக்கு 2027-ஐக் குறித்து அறிவிக்கப்பட்டது 2025 ஜூன் மாதத்தில். விலக்குகள் மூன்றுதான், ஆனால் அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்து வரும்போது விதி எங்கே போயிற்றென்று தேட வேண்டியிருக்கிறது.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்லவும் நான் வரவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சுகமாயிருந்தார் என்று எண்ணுகிறவர்கள், அவர் வீட்டு அடுப்பைப் பார்த்ததில்லை. அவர் கையிலிருந்த பிரம்பைப் பார்த்த பிள்ளைகளும் அவ்வாறு எண்ண மாட்டார்கள். சுப்பிரமணிய பாரதியார் 1904-ல் மதுரை சேதுபதி உயர்தரப் பள்ளியில் தமிழ்ப் பண்டிதராயிருந்தது சுமார் மூன்று மாதந்தான். பிறகு சுதேசமித்திரனுக்குப் போய்விட்டார். மூன்று வருஷம் இருந்து, வாரந்தோறும் இருநூறு கட்டுரை நோட்டுகளைத் திருத்தியிருந்தால், பிற்பாடு தென்காசிக்குப் பக்கத்திலுள்ள கடையத்தில் வந்து வசித்தபோது அவரிடம் பாட்டு மிச்சமிருந்திருக்குமோ என்னவோ!

உபாத்தியாயினிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் வீடுகள் பலவற்றில் ஒரு டீச்சர் இருப்பார். காலை நாலரை மணிக்கு எழுந்து, சமையலை முடித்து, தம் குழந்தைகளைத் தயார் செய்து, பஸ் பிடித்து ஓடி, நாற்பது குழந்தைகளுக்கு மத்தியில் சிரித்த முகமாய் நின்று, மாலையில் திரும்பி, மறுபடியும் அடுப்படிக்குள் போகிறவர். அமெரிக்காவில் ஆர்லி ஹாக்ஷீல்ட் என்னும் சமூகவியல் அறிஞர் 1983-ல், விமானப் பணிப் பெண்களைப் பார்த்து ஒன்று எழுதினார்: மனதில் இல்லாத சிரிப்பை முகத்தில் வைத்திருப்பதும் ஓர் உழைப்புத்தான் என்று. விமானம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். டீச்சருடைய விமானம் இறங்குவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு டீச்சரின் முகம் மாறுகிறதா என்று வீட்டிலுள்ளவர்கள் கவனித்துப் பார்க்கட்டும். மாறினால், 'என்ன முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய்?' என்று கேட்காதிருக்கட்டும். அன்றிரவு மாவரைக்கும் வேலையை வேறு யாராவது ஏற்றுக்கொண்டால் அது போதும்.

இனி, பிள்ளைகளின் சங்கதி. 2017-ஆம் வருஷம் மே மாதம் வரையில் மாநிலத்தில் முதலாவது, இரண்டாவது என்று பெயர் சொல்லி, மாலை போட்டுப் படம் பிடிப்பது வழக்கமாயிருந்தது. அந்த வருஷம் அதை நிறுத்தினார்கள். நல்ல காரியம். அதே சமயத்தில் பதினோராம் வகுப்புக்கும் அரசாங்கப் பொதுத் தேர்வு என்று ஏற்படுத்தினார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கினது போல, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் வரிசையாகப் பொதுப் பரீட்சை. 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வு எடுபட்டது. இடையிலே அந்தச் சக்கரத்தில் அகப்பட்டவர்கள் இப்போது பெரியவர்களாகிவிட்டார்கள். அவர்களைக் கேட்டால் பதினாறு வயதில் என்ன செய்தோம் என்பதற்கு 'டெஸ்ட் எழுதினோம்' என்று சொல்வார்கள்.

தென்காசி ஜில்லாவில் இன்னொரு விதமான களைப்பும் உண்டு. கிராமத்து வீடுகளில் தாய்மார்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். பள்ளிவிட்டு வந்த பெண் குழந்தை இலை வெட்டிக் கொடுக்கும், நூல் கட்டும். மறுநாள் இரண்டாவது பீரியடில் அது கண் செருகி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, 'இராத்திரி என்ன செய்தாய்?' என்று அதட்டலாம். அல்லது அந்தக் கேள்வியையே அனுதாபத்தோடும் கேட்கலாம். வார்த்தை ஒன்றுதான். எண்ணெய் உள்ள உபாத்தியாயர் இரண்டாவது விதமாகக் கேட்பார். திரி கருகினவரால் அது முடிவதில்லை. உபாத்தியாயரின் அயர்வை அவருடைய சொந்த விவகாரம் என்று நினைக்கிற பெற்றோர்கள் இந்த இடத்திலே சற்று நின்று யோசிக்க வேண்டும்.

2022-ஆம் வருஷம் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்பது சர்க்கார் கணக்கு. இந்த எண்ணை எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகக் கை வரவில்லை. தென்காசி ஊரிலே எத்தனை பள்ளிக்கூடங்கள் உண்டோ, அத்தனையிலும் உள்ள வகுப்புகளை ஒவ்வொன்றாக நினைத்து, ஒவ்வொரு பெஞ்சாகக் காலியாக்கிக்கொண்டே போங்கள். கணக்கு எங்கே முடியும் என்று பாருங்கள்.

விசாகப்பட்டினத்தில் நீட் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் மரணம் பற்றிய வழக்கில், 2025 ஜூலை 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சில கட்டளைகள் பிறப்பித்தது. நூறு மாணவருக்கு மேற்பட்ட ஒவ்வொரு கல்வி ஸ்தாபனத்திலும் தகுதி பெற்ற மன ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மார்க்கைக் கொண்டு பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது. பலர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. உபாத்தியாயர்களும் மற்ற ஊழியர்களும் வருஷத்துக்கு இரண்டு முறையாவது மனத்துக்கு முதலுதவி செய்வதெப்படி என்று பயிற்சி பெற வேண்டும். ஒவ்வொன்றும் பொன்னான கட்டளை. என் கவலை 'தகுதி பெற்ற' என்னும் இரண்டு வார்த்தைகளைப் பற்றியது. நம் ஊர் வழக்கம் எனக்குத் தெரியும். ஓர் அறை வாசலில் 'ஆலோசகர்' என்று பலகை மாட்டுவோம். உள்ளே யார் என்று பார்த்தால் உடற்பயிற்சி உபாத்தியாயரோ, மணிக்கு மணி வகுப்புள்ள உயிரியல் டீச்சரோ இருப்பார். அவருக்கு வாரத்துக்கு முப்பது பீரியட். அதற்கு மேலே முந்நூறு குழந்தைகளின் துக்கம்.

உண்மையான ஆலோசகரே வந்தாலும் அவரும் மனுஷர்தான். நாள் முழுவதும் பிறர் துயரத்தைக் காது கொடுத்துக் கேட்கிறவர் அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது? மேல் நாட்டில் ஆலோசகர்களுக்கு மேலே ஒரு மூத்த ஆலோசகர் இருந்து, குறிப்பிட்ட இடைவெளியில் இவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சுமைதாங்கிக் கல்லை வழிநெடுக நட்டு வைத்த நம் முன்னோர்களுக்கு இந்த யோசனை புதிதாகத் தோன்றியிராது. தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் வேறொருவர் துணையின்றி ஆகும்படி, மனுஷர் உயரத்துக்கு ஒரு கல் வேண்டுமென்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தக் கற்களைச் சாலை போடும்போது நாம் பெயர்த்து எறிந்துவிட்டோம்.

ஆலோசகர் வரும்வரையில் காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு செய்தி. 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் ஆரம்பித்த 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி உதவிக்கு எண் 14416. இரவும் பகலும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டுச் சுகாதார உதவி எண் 104. மாணவருக்கு மட்டுந்தான் என்று நினைக்க வேண்டாம். உபாத்தியாயரும் கூப்பிடலாம், உபாத்தியாயரின் சம்சாரமும் கூப்பிடலாம். இந்த எண்களைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலே குறித்து வையுங்கள்.

பேரருவியில் குளித்தவர்கள் அங்கே ஒரு பாதுகாப்பு வளைவு இருப்பதைப் பார்த்திருப்பார்கள். அந்த வளைவைத் தாண்டித் தண்ணீர் விழ ஆரம்பித்தால் குளிக்கத் தடை. வேண்டுமா வேண்டாமா என்று யாரும் வாதம் செய்வதில்லை. 'உனக்குத் தைரியமிருந்தால் குளி, மனசைத் திடப்படுத்திக்கொள்' என்று போலீஸ்காரர் உபதேசம் செய்வதுமில்லை. தண்ணீரின் அளவுக்கு ஒரு வரை உண்டு. அதைத் தாண்டினால் மனுஷர் ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஓர் உபாத்தியாயரின் தலைமேல் எவ்வளவு விழலாம் என்பதற்கு அப்படி ஒரு வளைவு கட்டியிருக்கிறோமா? மாஸ்லாக் அம்மை 1997-ல் மைக்கேல் லெய்ட்டர் என்பவரோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தில் ஆறு காரணங்களைச் சொல்கிறார்: அளவுக்கு மிஞ்சின வேலை, தன் வேலையில் தனக்கே அதிகாரமில்லாமை, மதிப்புக் குறைவு, சக ஊழியரோடு உறவு கெடுவது, நியாயமில்லாமை, மனசாட்சிக்கு ஒவ்வாததைச் செய்ய நேர்வது. இந்த ஆறில் ஒன்றைக்கூட உபாத்தியாயர் மூச்சுப் பயிற்சி செய்து சரிப்படுத்த முடியாது.

2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல்முதலாகத் தகுதித் தேர்வு நடந்தபோது என்ன ஆயிற்று என்பது நினைவிருக்கிறதா? ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. 'நம் உபாத்தியாயர்களின் இலட்சணத்தைப் பாருங்கள்' என்று அப்போது சிரித்தவர்கள் பலர். 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள் என்பதைச் சிரித்தவர்கள் கவனிக்கவில்லை. அதே வருஷம் அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி நடத்தினார்கள். தேறினவர் தொகை பன்மடங்கு உயர்ந்தது. மூன்று மாதத்தில் தமிழ்நாட்டு உபாத்தியாயர்களுக்கெல்லாம் திடீரென்று மூளை வளர்ந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? அவகாசம் கொடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவகாசத்தின் அருமையை அறிந்த ஒருவர் குற்றாலத்திலேயே வாழ்ந்தார். 1954-ல் காலஞ்சென்ற ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரைத்தான் சொல்கிறேன். அவர் பள்ளிக்கூட உபாத்தியாயரல்லர், வக்கீலுக்குப் படித்தவர். ஆயினும் ராஜாஜி, கல்கி போன்றவர்கள் சாரல் காலத்தில் அவரைத் தேடிக்கொண்டு வந்து, அவர் ஒரு கம்பராமாயணப் பாட்டை நிதானமாக அனுபவித்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே பாட்டுக்கு ஒரு காலைப் பொழுது முழுவதும் ஆகும். பாடத்திட்டத்தை டிசம்பருக்குள் முடித்தாக வேண்டும் என்று அவருக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. அதே பாட்டு இன்று பிளஸ் டூ வகுப்பில் நாற்பது நிமிஷத்தில், அதிலும் பாதி நேரம் வருகைப் பதிவுக்குப் போன பிறகு, இலக்கணக் குறிப்பாகவும் இரண்டு மார்க் வினாவாகவும் நறுக்கப்படுகிறது. நறுக்குகிறவருக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்த காலம் ஒன்று உண்டு. பிடித்ததினால்தான் அந்த வேலைக்கே வந்தார்.

நான் சொல்லக்கூடிய யோசனைகள் பெரியவையல்ல. ஐந்து வகுப்புள்ள பள்ளிக்கூடத்தில் தலை எத்தனை என்று எண்ணாமல், வகுப்பு எத்தனை என்று எண்ணி உபாத்தியாயர்களைப் போட வேண்டும். வேலையிலிருந்துகொண்டே தேர்வு எழுதும் ஐம்பது வயதுக்காரர்களுக்குப் படிப்பதற்கென்று சம்பளத்தோடு கூடிய சில வாரங்கள் கொடுக்க வேண்டும். வாக்காளர் படிவத்தையும் வழிகாட்டிப் புத்தகத்தையும் ஒரே கையில் கொடுக்கக் கூடாது. ஆலோசகர் என்றால் ஆலோசனை ஒன்றையே தொழிலாகக் கொண்டவராய் இருக்கட்டும். தென்காசி ஜில்லா 2019 நவம்பரில் தனியாகப் பிரிந்தபோது புதிதாக எத்தனையோ ஆபீஸ்களைத் திறந்தார்கள். அந்த ஆபீஸ்களிலெல்லாம் கணக்கு எழுதக் குமாஸ்தா உண்டு. கிராமத்து ஆரம்பப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் பெரும்பாலும் இல்லை. அங்கே கணக்கு எழுதுகிறவர், 'அ' எழுதிக் காட்டிவிட்டு வந்தவர். முதல் காரியமாக நாலு பள்ளிக்கூடத்துக்குச் சேர்த்து ஒரு குமாஸ்தாவையாவது போட்டுப் பார்க்கட்டும். வரும் ஜூனில், சாரல் தொடங்குவதற்குள்.